மிசினுக்குச் சொன்னது

உடுவிலில் எங்கள் தோட்டக் கிணற்றடியில் ஒரு பழைய இறைப்பு மிசின் இருக்கிறது. ஒரு காலத்தில் அது நீலமாக இருந்ததாம். நான் பார்த்த நாளிலிருந்து துருவின் நிறம்தான். மண்ணெண்ணெய் குடித்து ஓடிய சாதி. கிணற்றுக்குக் கரண்ட் மோட்டர் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. பழைய இரும்பு வாங்குகிறவர் இடைக்கிடை வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, அதைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்ப்பார். ஆனால் அதை விற்க அப்பாவும் விடவில்லை, மாமாவும் விடவில்லை. இந்த உலகத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விடயம் அதுவாகத்தான் இருக்கும். அந்த மிசினை எடுத்துவிட்டால் பிறகு அவர்கள் யாரோடு பேசுவது?

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அம்மாவின் தகப்பனார் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை மாமாவுக்கும் மற்றப் பங்கை அம்மாவுக்குச் சீதனமாகவும் எழுதினார். கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் அது எல்லையில் நின்றுகொண்டது, இரண்டு பேருக்கும் பொதுவாக. ஒரு நாள் ஒருவர் முறை, அடுத்த நாள் மற்றவர் முறை. ஆகக் கலியாணத்தின்போது அப்பாவுக்குத் தோட்டத்தில் பாதி வந்தது, கிணற்றில் பாதி வந்தது, மாமா மட்டும் முழுதாக வந்தார்.

ஆரம்பத்தில் இருவரும் மச்சான் மச்சான் என்று ஒரு தட்டில் சாப்பிட்டவர்களாம். எனக்கு அதை நம்பக் கடினம். ஏதோ ஒரு வெங்காயப் போகத்தில் முறைத் தண்ணீரில் தகராறு வந்து பேச்சு நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று அறிய எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால், மூன்று சாட்சிகளையும் தனித்தனியே விசாரித்திருக்கிறேன்.

அப்பா சொன்னார்: “என்ரை முறையிலை தண்ணியைத் தன்ரை பக்கம் திருப்பினவர்.”

மாமா சொன்னார்: “உன்ரை கொப்பர் தன்ரை முறைக்கு வரேல்லை. ஓடுற தண்ணியை நான் கடலுக்கே அனுப்புறது?”

அம்மா சொன்னாள்: “ரெண்டுக்கும் விசர்.”

பைத்தியம் என்று தீர்ப்பளித்த அந்தக் கடைசிச் சாட்சியம்தான் மூன்றிலும் நம்பத்தக்கது.

இனி உவனோடு வாய் திறந்து ஒரு சொல்லும் கதைக்கமாட்டேன் என்று இருவரும் கோயில் வீதியில் வைத்துச் சொல்லிவிட்டார்கள். சொன்னது சொன்னதுதான். ஆனால் கிணறு பொதுவாக இருக்கும்வரை பேசாமல் தோட்டம் செய்ய முடியாது. வாய்க்கால் உடைந்தால் சொல்ல வேண்டும், முறை மாறினால் சொல்ல வேண்டும். இப்படியான இக்கட்டுக்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது. சாடை பேசுவது. எதிரில் நிற்கிற ஆளிடம் பேசாமல், அவர் காதில் விழும்படி ஆட்டிடமோ நாயிடமோ பேசுவது. மற்ற வீடுகளில் ஆடு இருந்தது. எங்கள் கிணற்றடியில் மிசின் இருந்தது.

“மிசின், நாளைக்கு என்ரை முறை. தெரிய வேண்டிய ஆக்களுக்குத் தெரியும். பிறகு தெரியாது எண்டு நிக்கக்கூடாது” என்பார் மாமா, கிணற்றின் அந்தப் பக்கத்தில் நின்று.

“மிசின், உன்னைக் காயக் காய ஓட்டினது ஆர் எண்டு நான் கேக்கேல்லை. நீயும் சொல்லாதை” என்பார் அப்பா, இந்தப் பக்கத்தில் நின்று.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். அந்த மிசின் என் வாழ்நாளில் வாங்கிய திட்டை வேறெந்தப் பொருளும் வாங்கியிருக்காது. நான்கூட வாங்கியதில்லை, அதற்கு நான் எடுத்த முயற்சி கொஞ்சமல்ல.

அப்பா நோயில் விழுந்தது மழை விட்டு வெங்காயம் நட்ட கையோடு. தொடக்கத்தில் வெறும் சளித் தடிமன் என்றார். மல்லித் தண்ணீர் குடித்தார். இருமலோடு தோட்டத்துக்குப் போனார். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று தங்கச்சி கெஞ்சியபோது, “நாளைக்கு என்ரை முறை” என்றார். அந்த முறைக்கு அவர் போகவில்லை. மூச்சு எடுக்க முடியாமல் விறாந்தையில் சரிந்தவரை அம்புலன்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சுச் சளியில் கிருமி பிடித்து இரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு, மயக்கமாக்கி, மூச்சு விடும் வேலையை ஒரு மிசினிடம் ஒப்படைத்தார்கள்.

அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீண்ட விறாந்தை. சுவரோரமாக, இருப்பதற்கு மர வாங்குகள். அந்த வாங்கில் எங்கள் குடும்பம் குடியேறியது. அம்மா முதல் நாளே ஒரு மூலையைப் பிடித்து, பிளாஸ்க்கையும் பாயையும் வைத்து எல்லை போட்டுவிட்டாள். நானும் தங்கச்சியும் மாறி மாறி நின்றோம். யார் எப்போது நிற்பது என்பதில் சண்டை வரக்கூடாதென்று, அம்மா கிணற்று முறையையே எங்களுக்கும் வகுத்தாள். ஒரு நாள் உன் முறை, அடுத்த நாள் அவளின் முறை. முறை தவறினால் என்ன நடக்கும் என்று அந்த வீட்டில் பிறந்த எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆஸ்பத்திரி வாங்கு ஒரு விசித்திரமான இடம். பக்கத்தில் இருக்கிறவரின் ஊர், உறவு, வருத்தம் எல்லாம் ஒரு தேத்தண்ணி முடிவதற்குள் தெரிந்துவிடும். அரியாலையிலிருந்து வந்த ஒரு அம்மா தன் புருசனின் சிறுநீரகத்தின் வரலாற்றை எனக்குச் சொன்னார். நான் அப்பாவின் நெஞ்சின் வரலாற்றைச் சொன்னேன். இருவரும் ரோல்ஸ் பகிர்ந்து சாப்பிட்டோம். பயத்துக்கு இவ்வளவு பசி இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

சில நாள் கழித்து டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். இளம் பெண். அம்மாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

“ஐயாவின்ரை நெஞ்சு இப்ப பரவாயில்லை அம்மா. மயக்க மருந்தை நிப்பாட்டிட்டம். ஆனால் முழிக்கிறார் இல்லை. கூப்பிட்டால் கண் திறக்க வேணும், கையை அமத்தச் சொன்னால் அமத்த வேணும். அப்பதான் குழாயைக் கழட்டிப் பாக்கலாம். இப்பிடியே கனநாள் கிடந்தால் திரும்பவும் கிருமி பிடிக்கும். இன்னொருக்கால் ஐயாவாலை தாங்க ஏலாது.”

“நாங்கள் என்ன செய்ய வேணும் பிள்ளை?” என்றாள் அம்மா.

“பக்கத்திலை நிண்டு கதையுங்கோ. தெரிஞ்ச குரல் கேட்டால் சிலவேளை முழிப்பினம்.”

கதையுங்கோ! எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம் வந்தது. இந்தக் குடும்பத்தில் கதைப்பதற்கென்றே பிறந்தவன் நான். கொக்குவிலில் என் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் அரச வம்சங்களை மறந்தாலும் நான் சிரிக்கச் சொல்லும் பகிடிகளை மறப்பதில்லை. பச்சை அங்கியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அப்பாவைக் கண்டதும் என் பெருமிதம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெயிலில் நின்ற கறுப்பு உடம்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. வாயின் ஓரத்தில் குழாயைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தார்கள். தலைமாட்டில் மிசின் ஒரே சீராக இரைந்தது. குழாய்க்குள் தேங்கிய நீர் ஒவ்வொரு மூச்சுக்கும் களக் களக் என்றது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடமிருந்த மிகச்சிறந்த பகிடியை எடுத்துவிட்டேன். பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. திரையில் ஓடிய இலக்கங்கள் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கட்டிலடியில் நின்ற தாதி மிஸ்ஸி மெதுவாகச் சொன்னார்:

“அண்ணை, மற்ற வருத்தக்காறரும் இருக்கினம். பகிடியைக் கொஞ்சம் குறையுங்கோ.”

அடுத்து தங்கச்சி போனாள். நெற்றியில் திருநீறு பூசி, போனில் தேவாரம் போட்டுக் காதருகே பிடித்தாள். அப்பா அசையவில்லை. அம்மா போனாள். என்ன சொல்வாளோ என்று எனக்கு ஒரே ஆவல், கண்ணாடிக் கதவோரம் காதைக் கொடுத்தேன். “கொட்டில் திறப்பை எங்கை வைச்சனியள்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சாவியைத் தேடி அலுத்துப்போனாளாம். வெளியே வந்து, “திறப்பைப் பற்றிக் கேட்டும் மனிசன் வாய் திறக்கேல்லை” என்று வாங்கில் இருந்தாள். அப்போதுதான் முதன்முறையாக அழுதாள்.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். நோயாளர் பார்க்கும் நேரம் தொடங்கினால் விறாந்தையின் கடைசித் தூணடியில் மாமா வந்து நிற்பார். வெள்ளை வேட்டி, கையில் பனையோலை உமல் பை. எங்களிடம் வரமாட்டார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நேரம் முடிந்து மணி அடித்ததும் போய்விடுவார். என்னோடும் தங்கச்சியோடும் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எங்களோடு எப்போதும் நன்றாகக் கதைக்கிறவர். எனக்குத்தான் ஒன்றைக் கண்டால் சும்மா இருக்க முடியாதே.

“மாமா, ஆரைப் பாக்க வந்தனீங்கள்?”

“எங்கடை ஊராள் ஒருத்தன் உங்காலை வாட்டிலை கிடக்கிறான்” என்று நாடியை நீட்டி ஒரு திசையைக் காட்டினார்.

அவர் போன பிறகு நான் அந்தத் திசையில் போய்ப் பார்த்தேன். அது பிள்ளைப்பேற்று வாட்டு.

இன்னொன்றும் இருந்தது. உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போன தங்கச்சி, தோட்டம் வாடிக் கிடக்கும் என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். எங்கள் வெங்காயப் பாத்திகள் ஈரமாக இருந்தனவாம். அவள் இதைச் சொன்னதும் அம்மா பிளாஸ்க்கை மூடி வைத்தாள். பிறகு எழும்பி, சேலையை உதறிக்கொண்டு தூணடிக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

“அண்ணை, நீங்கள் ஒருக்கால் உள்ளுக்கை போய்க் கதையுங்கோவன்.”

“எனக்கும் அவருக்கும் கதை பேச்சில்லை. உனக்குத் தெரியாதே?”

“மனிசன் சாகக் கிடக்குது அண்ணை.”

“சாகக் கிடந்தாப்போலை? சொன்னது சொன்னதுதானே. நான் இப்ப போய்க் கதைச்சால், எழும்பி வந்து சொல்லுவார், தான் தோக்கேல்லை, நான்தான் தோத்தது எண்டு.”

“எழும்பி வந்து சொல்லட்டுமன்!” என்றாள் அம்மா. அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. விறாந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அரியாலை அம்மா ரோல்ஸைக் கடிப்பதை நிறுத்தினார்.

மாமா உமல் பையை என் கையில் தந்தார். “சும்மா போய்ப் பாத்திட்டு வாறன். கதைக்கமாட்டன்” என்றார். வயதானவர் தடுமாறுவார் என்று சொல்லி மிஸ்ஸியிடம் அனுமதி வாங்கி நானும் கூடப் போனேன். உண்மையில் தடுமாறியது நான்தான். என்ன நடக்கப் போகிறது என்று பார்க்காமல் வெளியே நின்றிருந்தால் எனக்கும் ஒரு கட்டில் தேவைப்பட்டிருக்கும்.

கட்டிலருகே மாமா கனநேரம் நின்றார். அப்பாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், தொங்கிய போத்தல்களைப் பார்த்தார். கடைசியில் தலைமாட்டில் இரைந்த மிசினில் அவர் கண் நின்றது. அதன் சத்தத்தைத் தலையைச் சரித்துக் கேட்டார். குழாய்க்குள் தண்ணீர் களக் களக் என்றது. மாமாவின் முகம் மாறியது. தெரிந்த ஆளைச் சந்தையில் கண்டதுபோல. மிசினை நேராகப் பார்த்து, கிணற்றடிக் குரலில் தொடங்கினார்:

“என்ன மிசின், உன்னைத்தான். சில பேருக்கு நல்ல காலம் போலை. வெள்ளைத் துணி விரிச்சு, குளிர் காத்து விட்டுப் படுக்க வைச்சிருக்கு. அங்கை வெங்காயம் தாள் மஞ்சளடிக்குது. ஆர் பாக்கிறது? ரெண்டு பங்குக்கும் தண்ணி மாற நான் என்ன மாடே? தன்ரை முறைக்குத் தான் வர வேணும், அதுதான் முறை. இப்பவே சொல்லிப்போட்டன் மிசின், இனியும் வராட்டில் வாற முறை முழுத் தண்ணியையும் என்ரை பக்கம் திருப்புவன். பிறகு ஊரெல்லாம் போய்க் குறை சொல்லித் திரியக்கூடாது. கேட்டுதே?”

மிஸ்ஸி ஓடி வந்தார். “ஐயா, சத்தம் போடாதேங்கோ” என்று சொல்ல வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். திரையில் இலக்கங்கள் ஏறிக்கொண்டிருந்தன. அப்பாவின் நெற்றி சுருங்கியது. எனக்கு நன்றாகத் தெரிந்த சுருக்கம் அது; என் பரீட்சை அறிக்கைகளைப் பார்த்த அதே சுருக்கம். வலது கை விரல்கள் போர்வையைப் பிறாண்டின. மாமா விடவில்லை.

“என்ன மிசின், கேட்டுதே எண்டு கேக்கிறன்!”

இமைகள் துடித்தன. ஒரு கீற்று. பிறகு இன்னும் கொஞ்சம். அப்பா கண் திறந்தார். திறந்த கண் மாமாவின் பக்கம் போகவில்லை, என் பக்கமும் வரவில்லை. மெல்ல மெல்ல நகர்ந்து மிசினைப் போய் முறைத்தது.

மாமா திரும்பி விறுவிறுவென்று வெளியே நடந்தார். அங்கியைக் கழற்றுவதற்குக்கூட நிற்கவில்லை. விறாந்தையில் அம்மாவைக் கடக்கும்போது, “நான் அவரோடை ஒரு சொல்லும் கதைக்கேல்லை. உன்ரை மோன் சாட்சி” என்றார். பச்சை அங்கியோடு வாசல்வரை போனவரைக் காவலாளிதான் பிடித்துத் திருப்பி அனுப்பினார்.

“உவர் ஆர்?” என்று மிஸ்ஸி என்னைக் கேட்டார்.

“அப்பாவோடை கோவம் உள்ளவர்.”

“நாளைக்கும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அடுத்த நாளிலிருந்து அம்மாவின் முறை வகுப்பில் மாமாவுக்கும் ஒரு பங்கு விழுந்தது. நல்ல நேரமாகப் பார்த்து அவருக்கே கொடுத்தாள். நாங்கள் அன்பாகக் கூப்பிட்டால் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். மாமா வந்து மிசினைத் திட்டினால் திறப்பார். கையை அமத்தச் சொல்லி டொக்டர் கேட்டால் அமத்தமாட்டார். “கையிலை பெலன் இருந்தால்தானே மண்வெட்டி பிடிக்கலாம் மிசின், அதெல்லாம் முந்தின காலம்” என்று மாமா சொன்னால் டொக்டரின் விரல் நொந்துபோகும் அளவுக்கு அமத்துவார். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “அந்த ஐயா ஏன் வென்டிலேட்டரோடை கதைக்கிறார்? அவருக்கு ஏதும் மருந்து எடுக்க வேணுமோ?” என்று கவலையோடு விசாரித்தார். எங்கள் கிணற்றின் வரலாற்றை ஆதியிலிருந்து சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். என் வகுப்பில் இப்படி யாரும் கேட்டதில்லை.

குழாயைக் கழற்றினார்கள். அப்பாவின் மூச்சு அப்பாவிடமே திரும்பி வந்தது. நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நிற்க, கரகரத்த குரலில் அவர் சொன்ன முதல் வார்த்தை அம்மாவின் பெயரல்ல, சாமியின் பெயருமல்ல.

“இண்டைக்கு... ஆரின்ரை முறை?”

வீட்டுக்கு வந்து, சாய்மனைக் கதிரையில் இருந்து சோறு சாப்பிடும் அளவுக்குத் தேறிய பிறகு, என்னால் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“அப்பா, அங்கை கிடக்கேக்கை உங்களுக்கு என்ன கேட்டது?”

அப்பா யோசித்தார். “ஒண்டும் விளங்கேல்லை. ஒரே இருட்டு. மிசின் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்துது. குழாய்க்குள்ளாலை தண்ணி போற சத்தமும். ஆரோ நிப்பாட்டாமல் இறைக்கிறாங்கள் எண்டு நினைச்சன். எழும்பிப் போய்ப் பாப்பம் எண்டால் கை காலெல்லாம் சேத்துக்கை புதைஞ்ச மாதிரி. சரி, ஆரும் இறைக்கட்டும், விடுவம் எண்டு கிடந்தன். பிறகு உவன்ரை குரல் கேட்டுது.” கையால் வேலிப் பக்கம் காட்டினார். “அப்பதான் விளங்கிச்சுது, என்ரை முறையிலை ஆர் இறைக்கிறது எண்டு. அதுக்குப் பிறகு எப்பிடிப் படுத்துக் கிடக்கிறது?”

“எங்கடை குரல் ஒண்டும் கேக்கேல்லையே?”

“நீ ஏதோ பகிடி விட்டனி போலை கிடக்கு.”

“ஓம், ஓம்!”

“அதோடை நல்ல நித்திரை வந்திட்டுது.”

ஊன்றுதடியோடு அவர் முதல் நாள் கிணற்றடிக்குப் போனபோது நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். வெங்காயம் தளதளவென்று நின்றது. அவ்வளவு நாளும் அவருடைய முறையில் மாமா இறைத்ததுதான், ஆனால் எங்கள் பாத்திக்கு. அப்பா குனிந்து ஒரு தாளைத் தடவிப் பார்த்தார். பிறகு மிசினிடம் போனார்.

“மிசின், வெங்காயத்துக்கு இவ்வளவு தண்ணி விடக்கூடாது எண்டு தெரியாத ஆக்களெல்லாம் தோட்டம் செய்யினம்.”

கிணற்றின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: “மிசின், ஆஸ்பத்திரியிலை படுத்துக் கிடந்தவைக்கு வெங்காயத்தைப் பற்றி என்ன தெரியும்?”

“ரெண்டுக்கும் விசர்” என்றாள் அம்மா. அவ்வளவு சந்தோசமாக அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா இன்னும் சில போகம் வெங்காயம் பார்த்தார். பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்மனையில் கண்ணயர்ந்தவர், யாரையும் எந்த மிசினையும் கரைச்சல் படுத்தாமல் போய்விட்டார். மாமா வந்து முற்றத்தில் ஒரு கதிரையில் இருந்தார். பாடை தூக்கும்வரை எழும்பவில்லை.

இப்போது விடுமுறை நாட்களில் தோட்டத்தை நான் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்பது சரியான சொல். செய்வதெல்லாம் வெங்காயம் தானாகத்தான். அப்பாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு நான் முதன்முதலாகப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறப் போனபோது மாமாவும் வந்தார். வழியெல்லாம் என்னோடு நன்றாகத்தான் கதைத்துக்கொண்டு வந்தார், பள்ளிக்கூடம் எப்படி, அம்மா சாப்பிடுகிறாளா என்று. கிணற்றடிக்கு வந்ததும் அந்தப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு மிசினைப் பார்த்தார்.

“மிசின், நாளைக்கு என்ரை முறை. தெரிய வேண்டிய ஆக்களுக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். அப்பா பதில் சொல்ல எடுக்கும் அளவு நேரம். அதற்கு மேலும் கொஞ்சம். மோட்டர் இரைந்தது, குழாய்க்குள் தண்ணீர் களக் களக் என்றது. மாமா இன்னும் மிசினையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். பிறகு, இந்தப் பக்கத்தில், அப்பா நிற்கிற இடத்தில் போய் நின்றேன்.

“மிசின், ஆரின்ரை முறை எண்டு எங்களுக்கும் தெரியும். எங்கடை வாய்க்காலை உடைக்காமல் இறைச்சால் காணும்.”

மாமா சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, “மிசின், உவன்ரை தேப்பன் எண்டால் இதைவிட உறைப்பாய்ச் சொல்லியிருப்பான்” என்றார். “பரவாயில்லை. பழகினால் வரும்.”

வேலிக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. பழைய இரும்புக்காரர் ஒரு காலை நிலத்தில் ஊன்றி எட்டிப் பார்த்தார்.

“விக்கிறேல்லை” என்றோம், இரண்டு பேரும் ஒன்றாக.